லெட்ராஸ் மலையும் ஒரு பால் லாரியும்

(மறுசந்திப்பு விழாவின் மாலை அமர்வில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னை அறிமுகம் செய்தபோது, "அறுபத்து மூன்று வயதில், கொலம்பியா நாட்டில், 80 கிலோமீட்டர் நீளமுள்ள மலையைச் சைக்கிளிலேயே ஏறியவர்" என்று சொன்னார். நீங்களும் பலமாகக் கை தட்டினீர்கள். அந்தக் கைதட்டலில் ஒரு பங்கை நான் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் ஊரைச் சுற்றிப் பார்த்துவிடலாம்.

"கொலம்பியாவா? உனக்கு வேற ஊரே கிடைக்கலையா?" என்று கேட்காத நண்பர்கள் இல்லை. சினிமா பார்த்து வந்த பயம் அது. முழுக்கப் பொய்யான பயமும் இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் உள்நாட்டுப் போரில் அவதிப்பட்ட நாடு. ஃபார்க் இயக்கத்தோடு 2016-இல் சமாதான உடன்படிக்கை ஆன பிறகும் சில பகுதிகளில் ஆயுதக் குழுக்கள் இருக்கத்தான் செய்கின்றன. அதனால் நான் இரண்டு விதிகள் வைத்துக்கொண்டேன். தினமும் காலையில் டீக்கடை மாதிரியான கடைகளில் "இந்தப் பாதை எப்படி?" என்று உள்ளூர்க்காரர்களிடம் கேட்பது ஒன்று. இருட்டிய பிறகு சைக்கிளைத் தொடுவதில்லை என்பது இன்னொன்று.

2025 ஜனவரியில் போனோம். "போனோம்" என்றால், நான் சைக்கிளில், என் மனைவி பஸ்ஸில். மூட்டை முடிச்செல்லாம் அவரோடு. மாலையில் அடுத்த ஊரில் சந்திப்போம். "உங்களுக்குக் கால் வலி, எனக்கு மூட்டை வலி. ஆளுக்குப் பாதி" என்பார்.

தலைநகர் போகோட்டா சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியை விடவும் உயரம். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை, 120 கிலோமீட்டருக்கு மேல் பெரிய சாலைகளைக் கார்களுக்கு அடைத்து, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டுவிடுகிறார்கள். 'சிக்லோவியா' என்று பெயர். 1974-இல் ஆரம்பித்த வழக்கம். தாத்தா, பேத்தி, நாய்க்குட்டி எல்லோரும் சாலையில்தான். சைக்கிள் என்றால் அந்த மக்களுக்கு நமக்குக் கிரிக்கெட் மாதிரி. சிபாகிரா ஊரில் வளர்ந்த எகான் பெர்னல் 2019-இல் பிரான்ஸ் நாட்டின் பிரபல சைக்கிள் பந்தயத்தை வென்றார். லத்தீன் அமெரிக்காவிலிருந்து அதை வென்ற முதல் ஆள் அவர்தான்.

அங்கிருந்து பஸ்ஸில் சைக்கிளை ஏற்றி, மக்தலேனா ஆற்றங்கரையில் உள்ள ஓண்டாவுக்கு இறங்கினோம். ஒரே நாளில் ஸ்வெட்டரிலிருந்து பனியனுக்கு வந்துவிட்டோம். பூமத்திய ரேகைக்கு அருகே இருப்பதால் அந்த நாட்டில் நம்மைப் போல வெயில் காலம், குளிர் காலம் என்று இல்லை. மாதம் பார்த்துச் சொல்வதில்லை, உயரம் பார்த்துச் சொல்கிறார்கள். 1,000 மீட்டர் வரை சூடான பூமி, 2,000 வரை மிதமான பூமி, 3,000 வரை குளிர்ந்த பூமி, அதற்கு மேல் 'பாரமோ' என்னும் மூடுபனிப் புல்வெளி. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சுமார் 6 டிகிரி குறையும். கீழே மாம்பழம், நடுவில் காப்பி, மேலே உருளைக்கிழங்கும் பசுமாடும். காரில் போனால் இது ஒரு தூக்கத்தில் போய்விடும். சைக்கிளில் போனால் ஒவ்வொரு பயிரும் நம்மை நிறுத்தி விசாரித்துவிட்டுத்தான் அனுப்பும்.

மலை ஏறுவதற்கு முன்னால், மரிகீட்டா என்ற ஊரிலிருந்து தெற்கே சமவெளியில் ஆர்மேரோவுக்குப் போனேன். 1985 நவம்பர் 13 இரவு, நெவாடோ தெல் ரூயிஸ் எரிமலை வெடித்து, பனி உருகி, சேற்று வெள்ளம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் இந்த ஊரை மூடியது. சுமார் 23,000 பேர் இறந்தார்கள். அபாயப் பகுதிகளைக் காட்டும் வரைபடம் ஒரு மாதம் முன்பே தயாராக இருந்தது. நாமெல்லாம் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. பேப்பரில் ஒரு செய்தியாகப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்போம். இன்று சுவர்களுக்குள் மரம் வளர்ந்திருக்கிறது. ஆங்காங்கே சிலுவைகள். பஸ்கள் அந்த இடத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகின்றன. எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, பாதி நேரம் தள்ளிக்கொண்டுதான் நடந்தேன். அங்கே மிதிக்க மனம் வரவில்லை.

இனி லெட்ராஸ். சுமார் 500 மீட்டரில் இருக்கும் மரிகீட்டாவில் தொடங்கி, 3,600 மீட்டருக்கு மேல் உள்ள கணவாய் வரை, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஏற்றம். பந்தய வீரர்கள் ஒரே நாளில் ஏறுகிறார்கள். நான் மூன்று நாள் திட்டம் போட்டேன்.

முதல் நாள் ஃப்ரெஸ்னோ. வழியெல்லாம் காப்பித் தோட்டம், வாழை. ஒரு கடையில் சூடாக ஒரு டம்ளர் கொடுத்தார்கள், கூடவே ஒரு துண்டு சீஸ். வாயில் வைத்ததும், "அடடே, இது நம்ம வெல்லத் தண்ணியாச்சே!" என்றேன். சாட்சாத் கரும்பு வெல்லம்தான். 'பனேலா' என்கிறார்கள். உலகில் இந்தியாவுக்கு அடுத்தபடியாக அதிகம் வெல்லம் காய்ச்சும் நாடு கொலம்பியா என்பது பிறகுதான் தெரிந்தது. சைக்கிள்காரர்களுக்கு அதுதான் குளூக்கோஸ்.

இரண்டாம் நாள் பாதுவா. இந்த மலையைத் தாண்டி 1922-இல் மனிசாலெசுக்கும் மரிகீட்டாவுக்கும் இடையே 70 கிலோமீட்டருக்கு மேல் ஒரு கம்பிவடப் பாதை போட்டுக் காப்பி மூட்டைகளை இறக்கியிருக்கிறார்கள். 370-க்கும் மேற்பட்ட கோபுரங்கள். எல்லாம் இரும்பு, ஒன்று மட்டும் மரம். அதற்கான இரும்பை ஏற்றி வந்த கப்பல் முதல் உலகப் போரில் மூழ்கிவிட்டதாம். "இரும்பு வரலைன்னா என்ன, மரம் இருக்கே" என்று கட்டிவிட்டார்கள். இப்போது அந்த மரக் கோபுரம் மனிசாலெஸ் நகரில் நிற்கிறது. சிவில் நண்பர்கள் கவனிக்க.

மூன்றாம் நாள்தான் என் விஷயம். 3,000 மீட்டர் தாண்டியதும் தலை விண்விண் என்று தெறித்தது. பத்து மிதி மிதித்தால் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பனிமூட்டத்துக்குள் 'ஃப்ரைலெஹோன்' செடிகள் ஆள் மாதிரி நிற்கின்றன. மூடுபனியின் ஈரத்தை இலையில் பிடித்து மண்ணுக்குள் இறக்குவது இவைதான். கீழே ஓடும் ஆறுகளுக்கு இந்தப் புல்வெளிகள்தான் தாய்வீடு. எனக்கு அதை ரசிக்கும் நிலை இல்லை. சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது ஒரு பால் லாரி வந்து நின்றது. வயசான டிரைவர். என்னை ஒரு பார்வை பார்த்தார். கேட்கவே இல்லை, சைக்கிளைத் தூக்கிக் கேன்களுக்கு நடுவில் வைத்தார். நான் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில், "வேண்டாம், சைக்கிளில்தான் ஏற வேண்டும்" என்றேன். அவர் கேட்டார்: "நீங்க யாரோட பந்தயம் ஓடறீங்க?"

என்னிடம் பதில் இல்லை. உண்மையான பதில், "எங்க வகுப்பு வாட்ஸ்அப் குழுவோட" என்பதுதான். அதை ஸ்பானிஷில் சொல்லத் தெரியவில்லை. ஏறி உட்கார்ந்தேன்.

கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டர் அப்படித்தான் போனேன். லாரி ஒவ்வொரு பண்ணை வாசலிலும் நின்றது. கேன் ஏறும், இரண்டு வார்த்தை பேசுவார், கிளம்பும். ஒரு அம்மாள் எனக்கும் ஒரு டம்ளர் சூடான வெல்லத் தண்ணீர் நீட்டினார். மூன்று நாளில் நான் போன வேகத்திலேயே மிக மெதுவான வேகம் அதுதான். கணவாயில் என்னை இறக்கிவிட்டு, அந்தப் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் சைக்கிளோடு நிறுத்திப் படம் எடுத்தவரும் அந்த டிரைவர்தான். மனிசாலெசுக்கு இறங்கினது மட்டும் சத்தியமாகச் சைக்கிளில்.

1950-இல், நாடு முழுக்கச் சைக்கிள் பந்தயம் நடத்த முடியுமா என்று சந்தேகப்பட்டபோது, எஃப்ரயின் ஃபொரேரோ என்பவர் இதே மலையை மண் சாலையில் ஏறிக் காட்டினார். துணைக்கு வந்த வண்டி சேற்றில் திணற, அவர் முன்னால் போனாராம். அடுத்த வருடம் நடந்த முதல் பந்தயத்திலும் அவரே வென்றார். அவர் வண்டியை விட்டுவிட்டுப் போனார், நான் வண்டியில் போனேன். அவ்வளவுதான் வித்தியாசம்!

அந்தப் படத்தைத்தான் குழுவில் போட்டு, "ஏறியாச்சு" என்று எழுதினேன். பொய் சொல்லவில்லை, ஆனால் உண்மையையும் சொல்லவில்லை. நாற்பது பேர் பாராட்டினீர்கள். சுகமாக இருந்தது. சும்மா இருந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து நம் வகுப்புத் தோழர் ஒருவர் போன் செய்தார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். "நீ லெட்ராஸே ஏறிட்ட, நான் ஏலகிரி ஏற மாட்டேனா?" என்று புதுச் சைக்கிள் வாங்கியிருக்கிறார். ஆறாவது வளைவில் மூச்சு முட்டி உட்கார்ந்திருக்கிறார். "நீ நிறுத்தாம போனது ஞாபகம் வந்தது, அதான் நானும் எழுந்து மறுபடி மிதிச்சேன்" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. நல்ல காலம், ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கே அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மீதிப் பேருக்கு இன்றைக்குச் சொல்கிறேன். இதுவரை இந்த ரகசியம் தெரிந்த இன்னொருவர் முன் வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்.

நண்பர்களே, போய் வாருங்கள். கொலம்பியாவோ, கொல்லிமலையோ, எங்கே போனாலும் மெதுவாகப் போங்கள். முதலில் டாக்டரைக் கேளுங்கள். 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி கூடினால், வாந்தி வந்தால், நடை தள்ளாடினால், கீழே இறங்குங்கள். எனக்குத் தலைவலியோடு போயிற்று, கணவாயிலும் அதிக நேரம் நிற்கவில்லை. வழியில் லாரி நின்றால் ஏறுங்கள். ஏறினேன் என்று சொல்லவும் செய்யுங்கள்.

மலர்க் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் படத்தை வெளியிடுவதாக இருந்தால், கீழே இப்படிப் போடுங்கள்: "68 கிலோமீட்டர் சைக்கிளில், 12 கிலோமீட்டர் பால் லாரியில்."