ஓசையற்ற ஊர்திகள்



நான் ஆசிரியப் பணியில் இருந்த காலமெல்லாம் சாலையைக் கடக்கும் முறையை மூன்று சொற்களில் கற்பித்து வந்தேன்: நில், பார், கேள். நடைமுறையில் நம்மிற் பலர் இரண்டாவதை விட்டுவிட்டு மூன்றாவதையே நம்புகிறோம். அது எத்துணைப் பிழை என்பதை ஓய்வு பெற்ற பின்னரே உணர்ந்தேன்.

என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்திருந்தார். அவர் பார்வை இழந்தவர்; வெண்கோலின் துணையுடன் தனியே நடமாடுபவர். அவரை வழியனுப்பத் தெருமுனை வரை உடன் சென்றேன். அவர் நின்றார், செவி சாய்த்தார், "வண்டி ஏதும் இல்லை, ஐயா" என்று அடியெடுத்து வைத்தார். நானும் உடன் நடந்தேன். அந்நொடியே மின்சார ஸ்கூட்டர் ஒன்று அவருடைய கோலை உரசிக்கொண்டு சென்றது. அவர்மீது தவறில்லை. கண்ணிருந்தும் பாராதவன் நானே.

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் வெடித்து எரிவதால் ஓசை பிறக்கிறது. மின்மோட்டாரில் அவ்வெடிப்பு இல்லை. விரைந்து செல்லும்போது டயர் தரையில் உருளும் ஓசை நம்மை எச்சரிக்கும். மெல்லச் செல்லும்போது அதுவும் அடங்கிவிடும். ஆகவே, பள்ளி வாயில், தெருத்திருப்பம், வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றிலேதான் இடர் மிகுதி.

இதனை உணர்ந்த ஐரோப்பிய ஒன்றியம், 2021 ஜூலை முதல் புதிதாகப் பதிவாகும் மின்சாரக் கார்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரையிலும், பின்னோக்கிச் செல்லும்போதும், செயற்கை ஓசை எழுப்ப வேண்டும் என விதித்தது. அமெரிக்காவிலும் பார்வையற்றோர் சங்கங்களின் முயற்சியால் இத்தகைய சட்டம் பிறந்தது. ஆயினும், ஐரோப்பிய விதி இருசக்கர ஊர்திகளைக் கட்டுப்படுத்துவதன்று.

புகையும் இரைச்சலும் குறைவது நன்மையே. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால், அந்த அமைதிக்குரிய விலையை நடந்து செல்வோர் தருதல் முறையாகாது.

உங்களுக்கு நான் கூற விரும்புவன இரண்டு. நடக்கும்போது, ஓசை இல்லாமையை ஊர்தி இல்லாமை என்று கொள்ளாதீர்கள்; இருபுறமும் திரும்பிப் பாருங்கள். நாளை மின் ஊர்தி ஓட்டும்போது, உங்கள் வரவை எவரும் கேட்டிரார் என்றே எண்ணுங்கள். வேகத்தைத் தணித்து, மணியோ ஹாரனோ மெல்ல ஒலியுங்கள். வெண்கோலைக் கண்டால் நின்று வழிவிடுங்கள். அவருக்குச் செவியே கண். அந்தக் கண்ணுக்கு உங்கள் ஊர்தி புலப்படாது.