ஐந்தாம் வகுப்பில் நிறுத்தலாமா?

(பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



அரசுப் பள்ளிகளின் தரம் உயர வேண்டும் என்பதில் எக்கட்சிக்கும் மாறுபாடு இல்லை. வழி எது என்பதில்தான் வழக்கு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாகாது என்றது. 2019-இல் அதைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்து நிறுத்துவதை மாநிலங்களின் விருப்பத்திற்கு விட்டார்கள். நம் மாநிலம் அவ்வாண்டே பொதுத்தேர்வை அறிவித்து, 2020 பிப்ரவரியில் கைவிட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் நிறுத்தும் முறையைக் கொண்டுவந்தபோதும் தமிழகம் மறுத்துவிட்டது.

மறுத்தது சரியே என்பது நமது எண்ணம். தேறாத பத்து வயதுப் பிள்ளை மறு ஆண்டும் அதே பெஞ்சில் வந்து உட்காரும் என்று நினைப்பவர்கள் நம் தெருக்களை அறியாதவர்கள். ஆடு மேய்க்க ஆள் வேண்டும். கைக்குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். பெண் பிள்ளையென்றால் கேட்கவே வேண்டாம்.

ஆனால், எழுத்துக்கூட்டத் தெரியாமலே ஆறாம் வகுப்புக்கு வந்து சேர்கிறவர்களும் நம்மிடையே உண்டே! (பெயர் சொல்லமாட்டோம், பயப்படாதீர்கள்.) அதற்கு மருந்தை மூன்றாம் வகுப்புக்குள் கொடுத்துவிட வேண்டும். 2022-இல் அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், எட்டு வயதுக்குள் வாசிக்கவும் கணக்குப் போடவும் பழக்குவதையே குறிக்கோளாகக் கொண்டது. ஆகவே மதிப்பெண் அட்டையில் கையெழுத்திடுமுன், பாடப்புத்தகத்தை விரித்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். திணறினால் அடிக்க வேண்டாம். மறுநாளே வந்து ஆசிரியையிடம் சொல்லுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் பள்ளியில் ஓர் அறையைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறோம்.