பிழை கேட்கும் வினாவிலேயே பிழை!

(அரசுப் பணித்தேர்வுக்கு அணியமாகும் இளைஞரிடையே ஆற்றிய உரை)



தமிழ்நாட்டில் அரசுப் பணி வேண்டுவோர் தமிழறிவை மெய்ப்பித்தாக வேண்டும் என 2021 திசம்பரில் அரசாணை பிறந்தது. தேர்வாணையம் நடத்தும் நான்காம் தொகுதித் தேர்வில் 200 வினாக்கள். அவற்றுள் 100 தமிழ் வினாக்கள். தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 மதிப்பெண் பெறாதவரின் மற்றைப் பகுதி மதிப்பிடப்படுவதே இல்லை. வரவேற்கத்தக்க ஏற்பாடு! ஆனால், அத்தமிழைக் கற்பிக்க வந்த பயிற்சி நூல்கள் சிலவற்றின் நிலை என்ன?

'பிழையற்ற தொடரைத் தேர்ந்தெடு' என்று ஆணையிடும் நூலே, அடுத்த பக்கத்தில் 'எது சரியானது அல்ல?' என்று வினவுகிறது. 'எது' என்பது ஒருமை. 'அல்ல' என்பது பன்மை. 'எது சரியானது அன்று?' என்பதே முறை. அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல என ஐம்பாலுக்கும் ஐந்து சொற்களை வகுத்து வைத்த மொழி நம்முடையது. நான்கையும் விட்டு ஒன்றைப் பற்றிக்கொண்டு, அதையும் பிழையாக ஆள்வதா?

'ஒரு எழுத்து' என்கின்றனர். உயிர்முன் 'ஓர் எழுத்து' என்றே வரும். 'ஒவ்வொரு வினாக்களுக்கும்' என்கின்றனர். 'ஒவ்வொரு வினாவிற்கும்' என்பதே செவ்விது. 'பிறமொழிச் சொற்களை நீக்குக' என்பார், 'சந்திப்பிழை' என்று தலைப்பிடுகின்றனர். சந்தி வடசொல் அன்றோ? 'புணரியல்' என ஓர் இயலே தொல்காப்பியத்தில் இருக்க, இந்த இரவல் எதற்கு?

இவை வெளிப்படையான பிழைகள். வினாவின் உள்ளே ஒளிந்திருக்கும் பிழையோ இவற்றினும் கொடிது. 'வேலை தேடினான், வேலைத் தேடினான்: ஒற்றுப்பிழை அற்றது எது?' என்றொரு வினா அமைந்தால் என்ன விடை சொல்வீர்கள்? பணியைத் தேடினான் எனின், 'ஐ' உருபு மறைந்து நிற்கிறது, வலி மிகாது. வேல் என்னும் படைக்கருவியைத் தேடினான் எனின், 'வேல்+ஐ' என உருபு வெளிப்பட்டு நிற்கிறது, வலி மிகும். இரண்டும் செப்பமானவையே, பொருள்தான் வேறு. இடம் சுட்டாமல் ஒன்றை மட்டும் விடையெனக் குறித்தால், இலக்கணம் கற்றவன் தடுமாறுவான். நெட்டுருப் போட்டவன் தப்பிவிடுவான். ஒரு வினாவிற்கு ஒன்றரை மதிப்பெண். அந்த ஒன்றரையில் ஓர் ஏழைக் குடும்பத்தின் பிழைப்பே கைநழுவிப் போகலாம்!

ஆதலின், இளைஞரே, விடைப்பட்டியலை அப்படியே நம்பாதீர். ஒவ்வொரு விடைக்கும் 'ஏன்?' என்று கேளுங்கள். பள்ளிப் பாடநூலோடும் நன்னூலோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை கண்டால் பதிப்பித்தவருக்கு எழுதுங்கள். தேர்வு முடிந்தபின் ஆணையம் முதனிலை விடைக்குறிப்பை வெளியிட்டு, குறித்த நாள்களுக்குள் மறுப்பும் கேட்கிறது. அப்போது வாளா இராமல், சான்றோடு மறுத்துரையுங்கள்.

தமிழாசிரியர்களுக்கும் ஒரு சொல். ஊர்தோறும் இருவர் கூடி ஒரு பயிற்சி நூலைத் திருத்தினாலும் போதும். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பிழையினின்று தப்புவர். பிழையைக் கண்டும் காணாதிருப்பது பொறுமை அன்று. மொழிக்குச் செய்யும் கேடு.

வெல்க தமிழ்!