சத்தம் போடும் பொம்மையும் பேச்சுப் பயிற்சியும்



தோட்டத்து வீடுகளில் சத்தத்திற்குக் குறைவில்லை. விடியுமுன் பெரட்டுக்குக் கிளம்பும் மோட்டார் சைக்கிள்கள், பக்கத்து வீட்டு வானொலி, கோழி, நாய் எல்லாம் உண்டு. இவற்றோடு பொத்தானை அழுத்தினால் பாடும் பொம்மை ஒன்றும் வந்து சேர்ந்தால், தாய்மாரின் தலைவலியைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பொம்மையைப் பிள்ளையின் பேச்சுப் பயிற்சிக்கென்றே வாங்கிய வீடுகளும் இருக்கின்றன. அந்த வீட்டாருக்காகவே இன்று பேச வந்திருக்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு குடும்பம். தந்தை செம்பனைக் குலை வெட்டுபவர். தாய்க்கு நாற்றுமேடையில் வேலை. இளைய மகனுக்கு இரண்டரை வயதாகியும் 'அம்மா' என்ற சொல் வரவில்லை. "இவன் மாமனும் நாலு வயசிலதான் பேசினான், பொறுத்துக்கம்மா" என்றார் பாட்டி. பாட்டியின் அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தக் காரியத்தில் பொறுத்திருப்பது பிள்ளைக்குத்தான் நட்டம். ஆறு மாதக் குழந்தை சத்தம் வரும் பக்கம் தலையைத் திருப்ப வேண்டும். பத்து மாதத்திற்குள் 'பப்பா, தத்தா' என்று மழலை வர வேண்டும். ஒன்றரை வயதிற்குள் ஒரு சொல்லாவது, இரண்டு வயதில் 'பால் வேணும்' என்பது போல இரண்டு சொற்கள் சேர்ந்தும் வர வேண்டும். வரவில்லையென்றால் கிளினிக்கிற்குக் கொண்டுபோய், முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

"கதவை அறைந்தால் திரும்பிப் பார்க்கிறானே, காது நன்றாகத்தானே இருக்கிறது?" என்று கேட்பவர்கள் பலர். கதவின் சத்தம் தாழ்ந்த ஒலி. அதன் அதிர்வு தரையிலும் தெரியும். அதற்குத் திரும்பும் பிள்ளைக்கு 'ஸ்', 'ஷ்' போன்ற மெல்லிய ஒலிகள் எட்டாமலே இருக்கலாம். இந்தப் பையனுக்கும் அப்படித்தான். இரண்டு காதுக்கும் கருவி மாட்டினார்கள். மாதம் ஒருமுறை பட்டணத்தில் பேச்சுப் பயிற்சி, அதுவும் அரை மணி நேரம். அதற்குப் பஸ் செலவும் ஒரு நாள் சம்பளமும் போகும். மற்ற நாளெல்லாம் பயிற்சி வீட்டில்தான்.

உறவினர்கள் சும்மா இருப்பார்களா? பாடும் கார், பேசும் டெலிபோன், மேளம் அடிக்கும் குரங்கு எல்லாம் வந்து சேர்ந்தன. சில வாரம் கழித்து அந்தத் தாய் என்னிடம், "சார், பொம்மைதான் பேசுது, இவன் பேசமாட்டேங்கிறான்" என்றார். அதைவிடச் சரியாக எந்தப் புத்தகமும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் 10 முதல் 16 மாதம் வரையுள்ள 26 குழந்தைகளைப் பெற்றோருடன் விளையாடவிட்டுப் பதிவு செய்து பார்த்தார்கள். 2016-இல் அது அச்சில் வந்தது. பாட்டரிப் பொம்மை இருந்த நேரத்தில் பெற்றோர் பேசிய சொற்கள் குறைந்தன. படப் புத்தகம் இருந்தபோது கூடின. பொம்மை பேசும்போது நாம் வாயை மூடிக்கொள்கிறோம்.

காதுக் கருவி அணிந்த பிள்ளைக்கு இன்னொரு சங்கடம். கருவி தாயின் குரலை மட்டும் பெருக்குவதில்லை, பொம்மையின் இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது. பிள்ளைகளின் கையும் குட்டை. பொம்மையைக் காதோடு வைத்துத்தான் கேட்பார்கள். காதில் மாட்டிக் கேட்கும் கருவிகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்கென்று வைத்துள்ள வரம்பு, 75 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம். சத்தம் 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகிவிடும். ஆகவே பொம்மையின் ஒலித் துளைகள்மேல் இரண்டு மூன்று சுற்று ஒட்டுத்தாள் ஒட்டுங்கள். மூடியில் திருகாணி இல்லாத பொம்மையை வாங்கவே வேண்டாம். பொத்தான் போன்ற சிறு பாட்டரியைப் பிள்ளை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக்குழாய் வெந்துவிடக் கூடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அப்படியானால் சத்தமே வேண்டாமா? வேண்டும், அளவோடு வேண்டும். பயிற்சியாளர் அந்தத் தாய்க்குக் காட்டியது ஒரு மைலோ டின்னும் ஒரு பிடி பச்சைப் பயறும்தான். பிள்ளைக்குப் பின்னால் நின்று ஒருமுறை குலுக்க வேண்டும். பிறகு பேசாமல் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்புதான் பெரியவர்களுக்குக் கடினம்! திரும்பினால் சிரித்து, டின்னை அவன் கையில் கொடுக்க வேண்டும். அடுத்து அவன் முறை. நீங்கள் இரண்டு தட்டு, அவன் இரண்டு தட்டு. பேச்சும் இப்படி மாறி மாறி நடப்பதுதானே?

காலையில் கருவி மாட்டியதும், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு 'ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ்' என்ற ஆறு ஒலிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்வார் அந்தத் தாய். கேட்டால் பையன் ஒரு கட்டையைக் கூடையில் போடுவான். ஒரு நாள் 'ஸ்' ஒலிக்குக் கட்டை விழவில்லை. கருவியைக் கழற்றிப் பார்த்தால், குழாயில் குறும்பி அடைத்திருந்தது.

அண்டை வீட்டார் பாட்டையும் சொல்ல வேண்டும். லயத்தில் ஒரு சுவர்தான் நடுவில். விடியலில் குலை வெட்டப் போனவர் பகல் சாப்பாட்டுக்குப் பின் கண்ணயரும் நேரத்தில் டின் அடித்தால் யாருக்குத்தான் கோபம் வராது? அந்தத் தாய் பக்கத்து வீட்டு அக்காவிடம் விவரத்தைச் சொல்லி, பயிற்சியை மாலை ஐந்து மணிக்கு மாற்றிக்கொண்டார். இப்போது அந்த அக்காவின் பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்து தட்டுகிறார்கள். சென்ற மாதம் தன் முறை வருமுன்பே பையன் கையை நீட்டி, 'தா' என்றான்.

அடுத்த முறை பட்டணம் போகும்போது வீட்டிலுள்ள பொம்மைகளில் இரண்டு மூன்றைப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எது உதவும், எதைப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம் என்று பயிற்சியாளரே பார்த்துச் சொல்வார். மாற்றுத் திறனாளி அட்டைக்குச் சமூக நல இலாகாவில் மனுச் செய்யாதவர்கள், மருத்துவர் கையொப்பம் வாங்க வேண்டிய பாரத்தையும் அன்றைக்கே கையோடு கொண்டு போங்கள்.