கீரைக்கு உப்பு கடைசியில்

ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் காலையில் கீரைக்காரம்மா குரல் கேட்டதும் ஒரு கட்டு சிறுகீரை வாங்கிவிடுகிறோம். பொரியல் செய்தால் சில நாள் உப்புக் கரிக்கிறது. ஏன்?

கீரையில் பெரும்பகுதி தண்ணீர். சட்டி நிறையப் போட்டது, வெந்ததும் கைப்பிடியளவு ஆகிவிடும். சட்டியைப் பார்த்துப் போட்ட உப்பு மட்டும் குறையாது. அதனால் உப்பு கடைசியில்.

முதலில் அலசுங்கள், பிறகு நறுக்குங்கள். கடுகு, காய்ந்த மிளகாய், பூண்டு, வெங்காயம் தாளித்துக் கீரையைப் போடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூடவும் வேண்டாம். அது விடும் நீரே போதும்.

காசிமேட்டுச் சென்னாக்கூனி (காய்ந்த பொடி இறால்) சேர்ப்பவர்கள், மண் போக அலசி, வறுத்துப் போடுங்கள். அதில் கடல் உப்பு ஏற்கெனவே உண்டு. ஆகவே கீரை சுருண்டபின் ருசி பார்த்து, கடைசியில் உப்புப் போடுங்கள்.