பூனை கண்ணை மூடினால்...

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன மாதம் போன் செய்தார். "பதினைந்து நிமிஷம் பேசணும்பா. செமிகண்டக்டர் பற்றிப் பேசறியா, ஏ.ஐ. பற்றிப் பேசறியா?" என்றார். "எங்க வீட்டுப் பூனையைப் பற்றிப் பேசறேன் சார்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "சரி, சாப்பாட்டுக்கு முன்னாடி வச்சுக்கலாம்" என்றார்.

இந்தத் தலைப்புக்கு நம் கல்லூரியிலேயே ஒரு முன்னோடி இருக்கிறார். 1949-ல் சி. ராஜம் அவர்கள் குரோம்பேட்டையில் தொடங்கிய இந்த எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுப் போன ரங்கராஜன் என்கிற சுஜாதா, 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்று ஒரு இயந்திர நாயைப் படைத்தார். அந்த நாயின் பெயரைத்தான் எங்கள் பூனைக்கு வைத்திருக்கிறோம். அவருடைய ஜீனோ இயந்திரம். எங்கள் ஜீனோ நிஜம். ஆனால் அதற்கு இரண்டு கண்ணும் கிடையாது.

2021 மழைக்காலத்தில், ராதா நகர் பக்கம் ஒரு காய்கறி வண்டிக்கு அடியில் என் நண்பன் ஒரு குட்டியைப் பார்த்தான். ஆறு வாரக் குட்டி இருக்கும். இமை இரண்டும் சீழ் பிடித்து ஒட்டிப் போயிருந்தன. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவன் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டான். (அவன் வீட்டில் நாய் இருக்கிறதாம். நண்பர்கள் எப்போதும் தயாராகக் காரணம் வைத்திருப்பார்கள்!)

மருத்துவரிடம் காட்டினோம். நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயத்தை அவர் சொன்னார். தெருவில் நாம் பார்க்கும் குருட்டுப் பூனைகளில் பல, பிறவிக் குருடு அல்ல. பூனைகளுக்கு வரும் ஒருவகைச் சளிக் காய்ச்சலில், ஹெர்பெஸ் வைரஸ் கருவிழியைப் புண்ணாக்குகிறது. அதன்மேல் பாக்டீரியாவும் சேர்ந்துகொள்கிறது. கவனிக்காமல் விட்டால் கருவிழி ஓட்டையாகிவிடும். நமக்கு ஒரு வாரம் மூக்கடைப்போடு போகிற சளி, பூனைக்குட்டிக்குக் கண்ணையே கொண்டுபோகிறது. சீக்கிரம் வைத்தியம் செய்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றிவிடலாம்.

ஹாஸ்டல் பக்கம் குட்டிகளைப் பார்க்கும் தம்பி தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கண் ஒட்டியிருந்தால், கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து மெதுவாகத் துடையுங்கள். அன்றைக்கே, தவறினால் மறுநாளே, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வீட்டு அலமாரியில் மிச்சமிருக்கும் மனிதர்களின் கண் சொட்டு மருந்தை விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் இன்னும் மோசமாகும். பாரசிட்டமால் கூடவே கூடாது. ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. கிண்டியில் புளூ கிராஸ் இருக்கிறது. வழி இல்லாமல் இல்லை.

ஜீனோவுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. ஒரு கண் உடைந்தே போயிருந்தது. இன்னொன்று வெளுத்துச் சுருங்கிக்கொண்டிருந்தது. "ஒரு ஊசியில் முடித்துவிடலாமே, பாவம், எதுக்குக் கஷ்டப்படணும்?" என்று கேட்டவர்கள் உண்டு. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, இரக்கப்பட்டுத்தான் கேட்டார்கள். மருத்துவர் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "சார், இதுக்கு வலிக்குது. கண்ணை எடுத்துட்டா வலி போயிடும். வலி போன பிறகு இது வியாதி உள்ள பூனை இல்லை, கண்ணு இல்லாத பூனை. ரெண்டும் வேற வேற."

குட்டி கொஞ்சம் எடை ஏறியதும் மயக்க மருந்து கொடுத்து இரண்டு கண்ணையும் எடுத்துவிட்டுத் தையல் போட்டார். கழுத்தில் புனல் மாதிரி ஒரு அட்டையோடு வீட்டுக்கு வந்தது. மூன்றாம் நாள் அந்தப் புனலோடு உருண்டு புரண்டு விளையாடியது.

வீட்டில் பெரிய தடை அம்மாதான். "ஏண்டா, கண்ணு நல்லா இருக்கிற பூனை ஊர்ல உனக்குக் கிடைக்கலையா? காலங்கார்த்தால எழுந்து இது மூஞ்சியிலயா முழிக்கணும்?" என்றார். குறுக்கே போனாலே சகுனத் தடை என்கிற ஊர் நம் ஊர். அதற்கு நான் வாதம் செய்யவில்லை. வாதத்தில் அம்மாவை ஜெயித்தவர் யாராவது இந்த அரங்கில் இருந்தால் கை தூக்கலாம்!

முதல் வாரம் அதை ஒரே அறையில் வைத்தோம். சாப்பாட்டுத் தட்டு ஒரு மூலை, தண்ணீர் அதன் பக்கம், மணல் தட்டு எதிர் மூலை. இந்த மூன்றும் அன்றிலிருந்து இன்று வரை இடம் மாறவில்லை. தூக்கினால், தெரிந்த இடத்தில்தான் இறக்கிவிட வேண்டும். நடு ஹாலில் இறக்கினால் அதற்குத் திசை தெரியாது. தொடுவதற்கு முன்னால் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பால்கனிக்கு வலை அடித்தோம். வெளியே விடுவதில்லை. ஜி.எஸ்.டி. ரோடு கண் உள்ளவர்களுக்கே பத்திரம் இல்லை.

பத்து நாளில் வீடு முழுக்க அதற்கு மனப்பாடம். எப்படி? நம் காதுக்குச் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். பூனைக்கு 60,000-க்கும் மேலே கேட்கும். எலிக்குஞ்சின் கீச்சுக் குரல் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு காதையும் திருப்பச் சுமார் 30 தசைகள். முகத்தில் இருக்கும் மீசை நமக்குத் தெரியும். முன்னங்காலின் பின்பக்கத்திலும் மீசை முடி உண்டு, கவனித்திருக்கிறீர்களா? வேரில் நரம்பு நிறைந்த அந்த முடி, காற்றின் அசைவைக்கூடச் சொல்லிவிடும். இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு சென்ஸார் போனால் மீதி சென்ஸார்களை வைத்து இயங்குகிற சிஸ்டம் இது. பேப்பரைச் சுருட்டிப் போட்டால் விழுந்த சத்தத்தை வைத்தே போய்க் கவ்விவிடும். பூனைக்கு யார் மணி கட்டுவது என்பார்கள். எங்கள் வீட்டில் பந்துக்கு மணி கட்டிவிட்டோம், விவகாரம் தீர்ந்தது.

அடுத்து சாப்பாடு. எங்கள் வீடு சைவம். தயிர்சாதம் போட்டு வளர்த்துவிடலாம் என்பது அம்மாவின் திட்டம். மருத்துவர் முதல் நாளே தடுத்துவிட்டார். டாரின் என்று ஒரு சத்து. இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது, அரிசி பருப்பில் கிடையாது. நம் உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும். பூனையின் உடம்பால் போதிய அளவு செய்துகொள்ள முடியாது. டாரின் குறைந்தால் விழித்திரை கெடும் என்று 1975-லும், இதயம் பலவீனமாகும் என்று 1987-லும் கண்டுபிடித்தார்கள். பாசத்தோடு வருஷக்கணக்கில் பால்சோறும் தயிர்சோறும் மட்டுமே போட்டு வளர்த்தால், நல்ல கண் உள்ள பூனைக்கும் பார்வை போகலாம் என்பது இதன் பொருள். பூனைக்கென்று விற்கும் பாக்கெட் தீனியில் டாரின் சேர்த்திருக்கிறார்கள். நாய்த் தீனி இதற்கு ஈடாகாது. அம்மா ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "அதனோட தர்மம் அதுக்கு" என்று சொல்லி, பாக்கெட்டைத் தானே பிரித்துப் போட ஆரம்பித்தார். தடுப்பூசி, கருத்தடை அறுவை எல்லாம் மற்ற பூனைகளைப் போலத்தான். கண் இல்லை என்பதற்காக எதுவும் கூடுதல் இல்லை.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் 2015 மாதிரியே தண்ணீரில் மிதந்தன. நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் இரண்டாவது மாடி. கரண்ட் போய்விட்டது, போன் சார்ஜ் தீர்ந்துவிட்டது, கும்மிருட்டு. நான் கதவில் முட்டிக்கொண்டேன். அப்பா தண்ணீர்க் குடத்தைத் தட்டிவிட்டார். அந்த இருட்டில் ஒரே ஒருவர் மட்டும் எதிலும் இடிக்காமல், ராத்திரி பத்து மணி வழக்கப்படி ஹாலைச் சுற்றி வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, அம்மாவின் காலடியில் போய்ப் படுத்தார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று நம் ஊரில் கேலியாகக் கேட்பார்கள். அன்றைக்குப் பூலோகம் இருண்டிருந்தது எங்களுக்குத்தான். கரண்ட் வந்ததும் அப்பா நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டார். "இருந்த இடத்துலயே வையுங்கோ, அவ இடிச்சுப்பா" என்றார் அம்மா. 'அது' எப்போது 'அவ' ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

இந்த வாக்கியத்தைச் சொல்லத்தான் நான் இங்கே வந்தேன்: இருந்த இடத்திலேயே வையுங்கள். ஜீனோ நம்மிடம் பரிதாபம் கேட்கவில்லை. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் கோரிக்கை. நாம் ஒழுங்காக இருந்தால் அதற்குக் குறையே இல்லை. நாம் ஒழுங்கு தவறும்போதுதான் அது குருடாகிறது.

தாம்பரம் - கடற்கரை ரயிலில் பார்வையற்ற வியாபாரிகளைத் தினமும் பார்க்கிறோம். தயவுசெய்து தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நான் மனிதரைப் பூனையோடு ஒப்பிடவில்லை. ஒப்பிடுவது நம்மை. வீட்டில் ஒரு பூனைக்காக நாற்காலியை நகர்த்தாத நாம், நடைபாதையில் பைக்கை நிறுத்திவிட்டுப் போகிறோம். வடிகால் மூடியைத் திறந்தால் திறந்தபடி விடுகிறோம். மெட்ரோ ஸ்டேஷனில் மேடு மேடாக மஞ்சள் ஓடு பதித்திருக்கிறார்களே, அதை 1965-ல் உருவாக்கியவர் செய்ச்சி மியாகே என்ற ஜப்பானியர். 1967-ல் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்தில் முதலில் பதித்தார்கள். பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை, காலுக்குத் தெரிகிற ஒரு கோடு. ஆனால் அந்தக் கோட்டின்மேல் ஒருவர் விளம்பரப் பலகையை வைத்தால் அத்தனையும் வீண். நாளைக்கு நீங்கள் ஒரு கட்டடமோ, லிஃப்டோ, ஒரு செல்போன் ஆப்போ செய்வீர்கள். அடுத்த வெர்ஷனில் பட்டனை இடம் மாற்றுவதற்கு முன்னால், அதை விரலால் மனப்பாடம் செய்து வைத்திருப்பவர் யார் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

கடைசியாக ஒன்று. இதைக் கேட்டு உருகிப்போய் நாளைக்கே யாரும் பூனை தூக்கிவர வேண்டாம். வீட்டுக்குள் வளரும் பூனை பதினைந்து வருஷம்கூட இருக்கும். படிப்பு முடிந்து பெங்களூர் வேலை கிடைத்ததும் விட்டுவிட்டுப் போக முடியாது. பிராணியைப் பட்டினி கிடக்கக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல், இதோ பக்கத்தில் திருவான்மியூரில் கலாக்ஷேத்ராவை வளர்த்தவர். ஆகவே யோசித்து முடிவெடுங்கள். முடிவெடுத்துப் போனால், கூண்டில் ஓடிவந்து விளையாட்டுக் காட்டும் குட்டியை யாராவது எடுத்துக்கொள்வார்கள். மூலையில் காதை மட்டும் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒன்று இருக்கும். அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டு வாசனை வர ஆரம்பித்துவிட்டது.