சர்க்காருக்கு மதம் எதற்கு?

(சங்கரன்கோவில் பொதுக்கூட்டத்தில் பேசியது)



நாட்டிற்கு ஓர் அரசாங்க மதம் வேண்டுமென்று சிலர் கூப்பாடு போடுகிறார்கள். அதன் யோக்கியதையை அறிய நாம் தூரதேசம் போகவேண்டியதில்லை. பக்கத்துச் செங்கோட்டையை ஆண்ட திருவாங்கூர் சமஸ்தானமே போதும்.

1750-ல் மார்த்தாண்ட வர்மா ராஜ்யத்தையே பத்மநாபசாமிக்கு ஒப்புவித்து, தாம் அவருக்குத் தாசனென்று பட்டம் சூட்டிக்கொண்டார். சாமியே ராஜாவான அந்நாட்டில் குடிகள் கண்ட சுகமென்ன? நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளப் பல வருஷம் அடியும் உதையும் பட்டு, 1859-ல் ஓர் உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. வைக்கத்தில் கோவிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கு 1924-ல் கிளர்ச்சி செய்து பெரியார் இரண்டுமுறை ஜெயிலுக்குப் போக நேர்ந்தது. தடுத்து நின்றது வெறும் புரோகிதன் அல்ல, சர்க்கார் போலீசும் மாஜிஸ்திரேட்டும்! இங்கு கூடியிருப்போரில் எத்தனை பேருடைய பாட்டனார் அத்தெருவில் நடந்திருக்க முடியும்?

சரி, இந்து மதமே அரசாங்க மதமென்றால், அது சிவன் மதமா, விஷ்ணு மதமா என்று நாம் கேட்கிறோம். அந்த வழக்குத் தீராமல்தானே, இவ்வூரில் சாமியைப் பாதி சங்கரனாகவும் பாதி நாராயணனாகவும் நிறுத்தி, அதற்காக அம்மனையும் தபசு செய்ய வைத்திருக்கிறார்கள்? இதை எந்த மந்திரி தீர்ப்பார்?

நேபாளம் "இந்து ராஜ்யம்" என்ற பட்டத்தை 2006-ல் கழற்றி எறிந்தது. நம்மவர்கள் அதைப் பொறுக்கிக்கொள்ளவா ஆசைப்படுகிறார்கள்?